கத்திக்கு முன் வந்த கலக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரிக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் தாங்கள் ஏறிய படிகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் ஏற முடியாமல் மூச்சு வாங்கி நின்ற படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேடைக்கு வந்தபோது பின்வரிசையில் யாரோ "யார்ரா இது?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான்தான் அய்யா! நீங்கள் 'குண்டு' என்று கூப்பிட்ட அதே ஆள்தான். 128 கிலோ இருந்தேன். 2024 ஜூலையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இன்று 91 கிலோ. குறைந்த 37 கிலோவைப் பற்றிப் பேசினால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து மாதம் என் மனசு பட்ட பாட்டைப் பற்றி.

என் ஊர் தென்னேரி. அப்பா பட்டுத்தறி நெய்தவர். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். ஒல்லியான மனிதர். கல்லூரி விடுமுறையில் அவருக்கு உதவப் போனபோது எனக்குத் தறிக்குழியில் இறங்கவும் முடியவில்லை, இறங்கிய பின் ஏறவும் முடியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "நீ போய்ப் படி"ன்னார். அவ்வளவுதான். ஆனால் 'என் உடம்பு எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் அன்று உள்ளே போய் உட்கார்ந்தது. இருபது வருஷம் எழுந்திருக்கவே இல்லை.

முப்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. பிறகு ரத்த அழுத்தம். அதன் பிறகு ஸ்லீப் ஆப்னியா என்கிற தூக்க மூச்சுத் தடை. ராத்திரி என் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி விழித்திருப்பாள். என் உயரத்துக்கு உடல் பருமன் குறியீடு 45. சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 35க்கு மேல் இருந்தாலே இந்த சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5லேயே யோசிக்கலாம் என்கிறார்கள். ஆக, என் விஷயத்தில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் முழுக்க என்னிடம்தான்.

முதல் சந்தேகம் வெட்கத்தில் பிறந்தது. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வாயைக் கட்ட முடியாதவன் வயித்தை வெட்டிக்கப் போறானாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் சொன்னது சரிதானோ, நான் குறுக்கு வழி தேடும் கோழைதானோ என்று தோன்றியது. நான் முயற்சி செய்யாதவன் அல்லவே! தென்னேரி ஏரிக்கரையில் விடிகாலையில் நடந்திருக்கிறேன். மூன்று முறை பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் இறக்கியிருக்கிறேன். மூன்று முறையும் வட்டியோடு திரும்பி வந்தது.

இதற்குப் பதில் மருத்துவ நூலில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பத்து வாரம் கடும் பத்தியம் இருந்து எடை குறைத்தவர்களைப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருஷம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது, இழந்த எடையை மீட்க உடம்பே போராடுகிறது. இதைப் படித்த அன்றுதான் என்னை நானே திட்டிக்கொள்வதை நிறுத்தினேன். என்னிடம் மன உறுதி இல்லாமல் இல்லை. அது தன்னைவிடப் பலசாலியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது.

இரண்டாவது சந்தேகம் உயிர்ப் பயம். முதலில் போன மருத்துவமனையில் மே மாதத்துக்குத் தேதி கொடுத்தார்கள். "மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம் சார், ரொம்ப யோசிக்காதீங்க" என்றார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன். பதினாறு நாள் இருக்கும்போது, 2024 ஏப்ரலில், சென்னைப் புறநகரில் இதே மாதிரி அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோன செய்தி பத்திரிகைகளில் வந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்று இரவு என் மகள் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

மறுநாள் தேதியை ரத்து செய்தேன். பயந்து ஓடுகிறேன் என்றுதான் நானே நினைத்தேன். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, என்ன பயம் என்று எழுத ஆரம்பித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. என் பயங்களில் பாதி, கேட்காமல் விட்ட கேள்விகள். எனக்குத் தூக்க மூச்சுத் தடை இருப்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியுமா? அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இந்த ஆபரேஷனை அந்த டாக்டர் எத்தனை முறை செய்திருக்கிறார்? தையல் கசிந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார்கள்? முதல் இடத்தில் இவற்றில் ஒன்றையும் அவர்களாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனநல ஆலோசனையும் கிடையாது.

வேறொரு மருத்துவமனைக்கு நோட்டோடு போனேன். அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றவர் ஒரு கணக்கும் காட்டினார். அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்த 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். தேர்ந்த மையங்களில் கிடைத்த கணக்கு அது. 'யோசிக்காதீங்க' என்றவர்கள் தராத தைரியத்தை, 'ஆபத்து உண்டு' என்றவர் தந்தார். என் சந்தேகம் என்னைக் கெடுக்கவில்லை நண்பர்களே, அதுதான் என்னைச் சரியான வாசலுக்குக் கூட்டிப்போனது.

மூன்றாவது கலக்கம் நான் எதிர்பாராதது. மனநல ஆலோசகர் ஒரு வாரம் என்ன சாப்பிட்டேன், எப்போது, என்ன மனநிலையில் என்று எழுதிவரச் சொன்னார். பார்த்தால், பாதிச் சாப்பாடு பசிக்கானதே இல்லை. ஆபீசில் திட்டு வாங்கினால் மிக்சர். அப்பா ஞாபகம் வந்தால் கோவில் இட்லி. அந்த இட்லி நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, சுக்கு, மிளகு, சீரகம் மணக்க வேகுமே! சனிக்கிழமையானால் அப்பா வாங்கி வருவார். "இதை விட்டுடணுமா மேடம்?" என்று கேட்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் சொன்னார்: "இட்லிக்கு அழலை சார் நீங்க. அப்பாவுக்கு இன்னும் அழுது முடிக்கலை."

இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடும் அறுவை இது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் துக்கத்தை எந்தக் கத்தியாலும் எடுக்க முடியாது. யூட்டா மாநில ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களிடம் மொத்த மரணம் 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத மரணங்கள் 58 சதவீதம் கூடியிருந்தன. வயிற்றோடு மனசையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நான் நான்கு முறை ஆலோசனைக்குப் போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசி இரண்டு வாரம், கல்லீரல் சுருங்குவதற்காகக் குறைந்த உணவு. முந்தின நாள் இரவு தூக்கம் வரவில்லை. என் மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 'எல்லாம் சரியாகும்' என்று அவள் சொல்லவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் பாரம் பாதி இறங்கியது. அப்பா கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவான். உடலும் கரையும் சேரும் அந்த வேலையைத் தனியாளாகச் செய்வது கஷ்டம். இதுவும் அப்படித்தான். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இப்போதும் எல்லாம் இனிப்பாக இல்லை. முதல் ஆறு மாதத்தில் முடி கொட்டியது. வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. கவனம் தப்பினால் எடை திரும்பவும் ஏறும். எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். 2025 முதல் நம் நாட்டில் எடை குறைப்பு ஊசிகளும் பரவலாக வந்துவிட்டன. எது உங்களுக்கு என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கல்யாண வீட்டில் முடிவு செய்யாதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் ஒரு 'குண்டு' இருப்பான், இருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரிய முடிவின் முன்னால் உங்களுக்குக் கலக்கம் வந்தால் அதை விரட்டாதீர்கள். உட்கார வைத்து, 'நீ கேள்வியா, வெட்கமா, துக்கமா?' என்று விசாரியுங்கள். கேள்வியென்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கள். வெட்கமென்றால் அது அடுத்தவர் சொத்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துக்கமென்றால் அழுது தீருங்கள்.

போன மாதம் கோவில் இட்லி வாங்கினேன். அரை இட்லிதான் போயிற்று. மீதியை மகள் சாப்பிட்டாள். தாத்தாவைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.