கேட்டபின் திருத்துவோம்

நோயும் நலமும் பற்றி மக்கள் வழிவழியாகக் கொண்டிருக்கும் எண்ணங்களைச் செவிலியர் மாணவர்க்கு எப்படிக் கற்பிப்பது என்பதே இன்று இக்கருத்தரங்கில் நம்முன் உள்ள பொருள்.

'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பயிற்சிக் காலத்தில், சிசேரியன் ஆன ஒரு தாயின் கேஸ் ஷீட்டில் நான் எழுதிய சொல் அது. தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அவர் உதட்டை நனைத்ததோடு சரி. மறுநாள் பணிக்கு வந்த மூத்த செவிலியர், கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்த மாமியாரிடம் போய்க் கேட்டார்: "ஏம்மா, தண்ணி குடுத்தா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"பச்சை உடம்பும்மா. வயிறு பெருத்துடும், தையல் சீழ் கோத்துக்கும்."

"சீரகம் போட்டுக் காய்ச்சின வெந்நீர்?"

"அது குடுக்கலாமே!"

மாலைக்குள் செம்பு காலியாயிற்று. அந்தக் குடும்பம் தான் அறிந்த வழியில் அந்தத் தாயைக் காத்துக்கொண்டிருந்தது. கேட்கத் தவறியவள் நான்.

இந்தக் கேள்வியை ஒரு கல்வித்துறையாகவே வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெய்னிங்கர். மனநலம் குன்றிய சிறுவர்களிடையே பணியாற்றியபோது, ஒரே பராமரிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தவில்லை எனக் கண்டார். அதற்காகவே மானிடவியல் பயின்றார். 1960களில் நியூகினி மலைப்பகுதியின் கட்சப் மக்களோடு தங்கி ஆய்ந்தார். செவிலியர்க்கு அவர் காட்டிய வழிகள் மூன்று: நல்லதைக் காப்பது, தீங்கற்றதோடு இணங்கிப்போவது, தீங்கானதை மக்களோடு சேர்ந்து மாற்றுவது.

சின்னம்மையை எடுத்துக்கொள்வோம். பெரியம்மை இந்தியாவில் ஒழிந்ததாக 1977இல் உறுதிசெய்யப்பட்டது. ஆனால் அம்மை கண்டால் 'அம்மா வந்திருக்கா' என்னும் பேச்சு, சின்னம்மையைப் பொறுத்து இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் வருவதில்லை. நோயாளிக்குத் தனியிடம், இளநீர், மோர், ஓய்வு. இவை காக்கவேண்டியவை. படுக்கையில் பரப்பும் வேப்பிலை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் ஆகியவற்றோடு இணங்கிப்போகலாம். 'வீட்டுக்கே வந்து காய்ச்சல் பார்க்கட்டுமா?' என்றால் பெரும்பாலும் கதவு திறக்கும். ஆனால் மூச்சு வாங்கும்போதும், கர்ப்பிணிக்கு அம்மை கண்டபோதும் மருந்தே கூடாது என்பதை மாற்றித்தான் ஆகவேண்டும். சீம்பாலைப் பீச்சிக் கொட்டுவதும், பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும் அப்படியே. மரியாதை என்ற பெயரில் இவற்றைக் கண்டும் காணாமல் விடுவது கடமை தவறுவதாகும்.

எது எந்த வகை என்று பிரித்தறியும் திறனை நம் மாணவர் எங்கே பெறுகிறார்கள்? சமூகவியல் தாளில் பண்பாட்டுக்கு இலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள்; வார்டுக்குள் அந்தப் பாடம் அவர்களோடு வருவதில்லை. 'இந்தச் சாதியார் இப்படி, இந்த மதத்தார் இப்படி' என்ற பட்டியலை மனப்பாடம் செய்வது அதனினும் ஆபத்து. ஒரே தெருவில் இரண்டு வீட்டுப் பத்தியம் ஒன்றாக இருப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் நம் பிரசவ வார்டுகளில் இருக்கும் இந்நாளில் எந்தப் பட்டியல் போதும்?

நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இன்னும் ஆழமாகச் சென்றார். செவிலியர் முதலில் தம் மனத்திலுள்ள முன்முடிவுகளையும் தம் கையிலுள்ள அதிகாரத்தையும் அறியவேண்டும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை, அதைப் பெற்ற நோயாளியே சொல்லவேண்டும் என்றார். அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992இல் இதைச் செவிலியர் கல்வியின் பகுதியாக்கியது.

இந்த அவையின்முன் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். மாணவர் எழுதும் ஒவ்வொரு பராமரிப்புத் திட்டத்திலும், தம் நோயைப் பற்றி நோயாளியும் குடும்பத்தாரும் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுத ஓர் இடம் வேண்டும். செய்முறைத் தேர்வில், ஊசி போடும் கைக்கு மதிப்பெண் தருவதுபோல், கேள்வி கேட்கும் வாய்க்கும் தரவேண்டும்.

'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப் பேனா எடுக்கும் மாணவி, ஒரு கணம் நிறுத்தி, "என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டால் போதும், இந்தக் கருத்தரங்கு தன் வேலையைச் செய்ததாகும். அந்த நம்பிக்கையோடு அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.