மெய்க்கேற்ற உடை
(இராயப்பேட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு தைத்திங்கள் தொடங்கி மார்கழி முடிய, ஓய்வு கிடைத்த போதெல்லாம் யான் பழங்கால உடைகளைத் தைத்தும் உடுத்தும் பார்த்தேன். அச்செய்தியைக் கேள்வியுற்ற தலைவர், அதனையே இன்று பேசுமாறு பணித்தார். இலக்கணம் நடத்தும் ஆசிரியனுக்குத் தையற்பொறியில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணலாம். என் துணைவியாரும் அவ்வாறே எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் வாய்விட்டும் கேட்டார். அவர்க்கு அன்று சொல்ல இயலாத விடையை இன்று உங்கள் முன் சொல்ல முயல்கின்றேன்.

எங்கள் பள்ளித் தமிழ்மன்ற விழாவில் ஆண்டுதோறும் ஓர் அரசர் மேடையேறுவார். அவர்க்கு வேண்டிய உடை வாடகைக்கு வரும். சிவந்த வெல்வெட்டுச் சட்டை, சரிகைக் கரை, சமிக்கி தைத்த மார்பு, அட்டையில் செய்த முடி. முன்னர் அணிந்த பத்து அரசர்களின் வியர்வை நாற்றமும் உடன் வரும். இம்முறை நாமே தைப்போம் என்று முடிவு செய்தேன். என் அன்னையார் விட்டுச் சென்ற கால்மிதித் தையற்பொறி பரண்மேல் கிடந்தது. இறக்கித் துடைத்து எண்ணெய் இட்டேன். சாம்பசார்ப் பக்கம் சென்று ஐந்து மீட்டர் வெல்வெட்டு வாங்கி வந்தேன். மூன்று கிழமைகள் உழைத்தேன். வலக்கையை இடப்பக்கத்திலும் இடக்கையை வலப்பக்கத்திலும் இணைத்துவிட்டுப் பிரித்துத் தைத்ததும் உண்டு. மாசி விழாவில் யானே அதனை அணிந்து மேடையேறினேன். வியர்வை கண்ணை மறைத்தது. ஆனால் கையொலி வானைப் பிளந்தது. "இராசராச சோழரே வந்துவிட்டார்!" என்றார் ஒருவர். யானும் நம்பினேன்.

பங்குனியில் மாணவர் சிலரை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நெடுநேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, இங்கே ஒருவர்கூடச் சட்டை போடவில்லையே! நீங்கள் தைத்தது எந்தக் காலத்துச் சட்டை?" என்று கேட்டான். "இவை கடவுளர் திருமேனிகள், தம்பி" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். என் உள்ளத்தை அடைக்க இயலவில்லை.

அன்றிரவே நூல்களைப் புரட்டலானேன். தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகிற்கு உணர்த்தியவர் எசு. கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர். அவ்வோவியங்களின் நிழற்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இராசராசரும் கருவூர்த்தேவரும் எனப் பலரும் கருதும் இருவர் அவற்றுள் உளர். அவர்கள் மேனியிலும் சட்டை இல்லை. அரையில் மடித்துக் கட்டிய ஆடை, அணிகலன்கள், வாரி முடிந்த கூந்தல், அவ்வளவே. ஆடல் மகளிர் உடையிலும் வண்ணக் கோடுகளும் மடிப்புகளும் உண்டே யன்றி வெல்வெட்டும் இல்லை, சமிக்கியும் இல்லை.

அங்ஙனமாயின் நம் மேடையரசரின் சட்டை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து ஊர்தோறும் வந்த பார்சி நாடகக் குழுவினர் தீட்டிய திரைகளையும் ஒளிரும் உடைகளையும் கொணர்ந்தனர். நம் நாடகக் குழுக்களும் அவற்றை மேற்கொண்டன. இரவிவர்மரின் ஓவியங்கள் அச்சாகி வீடுதோறும் தொங்கின. பின்னர்த் திரைப்படம் வந்தது. அரு. இராமநாதன் எழுத, டி. கே. எசு. உடன்பிறந்தார் மேடையில் நடித்த இராசராச சோழன் நாடகம், 1973ஆம் ஆண்டில் தமிழின் முதல் அகலத்திரைப் படமாக வெளிவந்தது. சோழப் பேரரசர் என்றதும் நம் கண்முன் நிற்பது அந்தத் தோற்றமே. மங்கிய விளக்கொளியில், கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் அரசர் யார், காவலர் யார் என்று தெரிய வேண்டும். அதற்காக மின்னும் உடை வேண்டியிருந்தது. அது நாடகத்தார் குற்றமன்று. நாடக உடையை வரலாற்று உடையென்று நம்பிய நம் குற்றமே அது.

மொழியைக் கேட்டிருந்தாலே எனக்கு உண்மை தெரிந்திருக்கும். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகின்றேன், கேட்கத் தவறினேன். துணி, அறுவை, துண்டு என்னும் சொற்களைப் பாருங்கள். துணித்தல், அறுத்தல், துண்டித்தல் ஆகிய மூன்றும் வெட்டுதலையே குறிக்கும். தறியிலிருந்து வெட்டி எடுத்த அந்நிலையிலேயே அஃது ஆடையாகிவிடுகிறது. அதற்குமேல் அதனை வெட்டித் தைக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. பொருநராற்றுப்படை பாம்பின் உரிக்கு ஒப்பிடும் நுண்ணிய ஆடையும் அறுவையே. தைத்த சட்டையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்துள்ளனர். மெய்யை இட்டு வைக்கும் பை! அயலார் உடையைக் கண்டவர் வைத்த பெயர் அது. துன்னம் என்றால் தையல். புறநானூற்றில் துறையூர் ஓடைகிழார் தம் ஆடையின் பல துன்னங்களைப் பற்றிச் சொல்வது அத்தையலுக்குள் குடியிருக்கும் ஈர்களைப் பற்றி வருந்துவதற்காகவே. அங்கே தையல் வறுமையின் அடையாளம். சிலப்பதிகாரப் புகார் நகரிலோ துன்னகாரர் தனித் தொழிலாளராகவே வாழ்ந்தனர். ஆகவே தையல் நமக்குத் தெரியும். ஆனால் அரசர் பெருமை அதனால் அமையவில்லை.

சித்திரை முதல் ஆனி வரை பொறியைத் தொடவில்லை. எட்டு முழ ஆடையை உடுத்தப் பழகினேன். கச்சம் வைத்துக் கட்டுவதும், நடக்கும்போது நெகிழாமல் இடையில் இறுக்குவதும், மேலாடையைத் தோளில் நிறுத்துவதும் எளியவை என்றே எண்ணியிருந்தேன். அவை கைக்கு வர நாற்பது நாள்கள் ஆயின. ஒரு ஞாயிறன்று அவ்வுடையில் மணிக்கூண்டைக் கடந்து கடற்கரை வரை நடந்தேன். "ஐயா, எங்கே படப்பிடிப்பு?" என்று மூவர் கேட்டனர். ஆயினும் சித்திரை வெயிலில் அன்று என் மேனி பட்ட இன்பத்தை வெல்வெட்டு அறியாது. அன்று இன்னொன்றும் விளங்கிற்று. வெட்டாத ஆடை மெலிந்த மாணவனுக்கும் பொருந்தும்; என் போன்ற பருத்த ஆசிரியனுக்கும் பொருந்தும்; ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு நொடியில் மாறும். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான் என்று எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருப்பேன்! கைகளும் பொத்தான்களும் உடைய சட்டையை அவன் அணிந்திருந்தால் அக்கொடை நிகழ்ந்திருக்குமா?

ஆடியிலும் ஆவணியிலும் மீண்டும் பொறியில் அமர்ந்தேன். விசயநகர அவையில் கபாயி என்னும் நீண்ட சட்டையும் குல்லாயி என்னும் உயர்ந்த தொப்பியும் வழங்கின. மேற்கே பரவியிருந்த முகம்மதியர் அரசவைகளின் மரபு அது. அவ்விரண்டையும் வெண்பருத்தியில் தைத்தேன். துணியும் நம் பக்கத்திலேயே பிறந்த பொருள்தானே! 1639இல் ஆங்கிலக் குழும்பினர் இக்கடற்கரையை நாடியதற்கு நம் துணி ஒரு தலையாய காரணம். நமக்கு அண்மையிலுள்ள சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர் முதலியோர்க்கென அமைக்கப்பட்ட ஊர்; சின்னத் தறிப்பேட்டை என்னும் பெயரே அதற்குச் சான்று. தைத்த உடையெல்லாம் அயலது, ஆகவே தள்ளுக என்று சொல்ல வந்தேனல்லேன். எது எப்போது வந்தது என்று சொல்லிவிட்டு அணிக என்றே சொல்கின்றேன்.

இனி, என் பிழைக்கு வருகின்றேன்.

ஐப்பசியில் ஒரு சிறு நிகழ்ச்சி. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சோழ அரசனாக, ஓவியத்தில் உள்ளவாறே, சட்டையின்றி மேடையேற்றினேன். அவை சிரித்தது. "அரசரைப் பிச்சைக்காரர் ஆக்கிவிட்டீரே, புலவரே!" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். அம்மாணவன் தலைகுனிந்தான். எனக்குச் சினம் மூண்டது. மறுநாள் வகுப்பில், திறந்த மார்பு இழிவன்று என்றும், அதுவே தமிழர் பெருமை என்றும் முக்கால் மணி நேரம் முழங்கினேன்.

முழக்கம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். தென்கோடியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள். "ஐயா, எங்கள் பாட்டியின் பாட்டி தோளில் சீலை போட்டதற்காகச் சந்தையில் அதைக் கிழித்தார்களாம். எங்கள் வீட்டில் இன்றும் சொல்லுவார்கள். திறந்த மார்பு பெருமையென்றால், அவர்கள் எதற்குப் போராடினார்கள்?" என்றாள்.

அவையோரே, அக்கேள்விக்கு முன் என் முப்பது ஆண்டுப் புலமையும் வாயடைத்து நின்றது. அவள் சொன்னது தோள்சீலைப் போராட்டம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்து ஆடவரும் பெண்டிரும் மேலோர் எனப்பட்டோர் முன் மார்பை மறைத்தலாகாது என்பது அங்கே வழக்கு. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணியலாம் என்று 1814ஆம் ஆண்டளவில் ஆணை பிறந்தது. உயர்குலத்தார் போல் தோளில் சீலை இடுதல் கூடாது என்ற தடையோ நீங்கவில்லை. 1822 முதல் பூசல்கள் எழுந்தன. 1858இலும் 1859இலும் கலகம் மூண்டது. பெண்டிரின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859இல் அரசர் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைக்க ஒப்புதல் அளித்தார். அப்போதும், மேற்குலத்தார் உடுத்துமாறு உடுத்தலாகாது என்ற வரம்பு ஆணையிலேயே இருந்தது. தென்கோடியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? தமிழகத்துச் சிற்றூர்களில் பண்ணையாரைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட உழவர்களை நம் தந்தையர் கண்டிருக்கின்றனர்.

பெருங்கோயில் ஓவியத்தில் இருப்பதும் திறந்த மார்பே. சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட தாயின் மார்பும் திறந்த மார்பே. முன்னது வெயிலுக்கு ஏற்ப உடுத்தவன் தன் விருப்பால் கொண்டது. பின்னது பிறன் ஆணையால் வந்தது. பத்துத் திங்களாக யான் அரசன் என்ன உடுத்தான் என்று மட்டுமே தேடினேன். யார் எதை உடுத்தக் கூடாதென்று தடுக்கப்பட்டார் என்று ஒருநாளும் தேடவில்லை. வெல்வெட்டுச் சட்டை தைத்தது என் முதற்பிழை என்றால், அதைக் கழற்றியதுமே முழு உண்மையையும் கண்டுவிட்டதாக எண்ணியது அதனினும் பெரிய பிழை.

கார்த்திகையில் குப்பாயம் ஒன்று தைத்தேன். அந்த ஆண்டு தைத்தவற்றுள் மிகச் சிறியது அதுவே. வெள்ளைப் பருத்தி, இரு கைகள், கழுத்துக்கு ஓர் ஓரத் தையல், பளபளப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வேறெதனையும் அவ்வளவு அஞ்சி அஞ்சித் தைக்கவில்லை. கழுத்தளவை என் துணைவியார் இருமுறை திருத்தினார். அதுவரை என்னை எள்ளியவர், அன்று தாமே ஊசியைக் கையில் எடுத்தார்.

மார்கழியில் ஆண்டு முடிவு நிகழ்ச்சி. முதலில் அதே மாணவன், அதே எட்டு முழ ஆடையில், திறந்த மார்போடு வந்தான். அடுத்து அம்மாணவி குப்பாயம் அணிந்து, அதன்மேல் தோளில் வெண்சீலை இட்டு வந்து அவன் அருகில் நின்றாள். அவன் ஓவியத்தைப் பற்றிச் சொன்னான். அவள் தன் பாட்டியின் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் இருவர் அப்போதும் சிரித்தனர்; மறைக்க மாட்டேன். ஐப்பசியில் என்னைக் கடிந்த பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, அச்சீலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்பர்களே, உடை தைத்தும் உடுத்தும் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. இளைஞர்கள் பலர் இன்று அதில் இறங்கியுள்ளனர், மகிழ்கின்றேன். அவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கத்தரியை எடுக்குமுன் அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள். துணி வாங்குமுன் அத்துணியின் தமிழ்ப்பெயரை அகரமுதலியில் தேடுங்கள். அரசனுக்குத் தைக்கும்போது, அவன் நாட்டில் உழுதவனுக்கும் நெய்தவளுக்கும் உடுக்க என்ன இருந்தது என்று கேளுங்கள். எல்லார்க்கும் உடுப்பவை இரண்டே என்று நக்கீரர் புறநானூற்றில் பாடினார். அவ்விரண்டும் எல்லார்க்கும் கிடைத்தனவா என்று வினவுவதும் வரலாற்றுப் பணியே.

வெல்வெட்டுச் சட்டையை யான் எறியவில்லை. பள்ளி நாடக அறையில் தொங்குகிறது. அதன் கழுத்தில் ஒரு சீட்டுத் தைத்து வைத்திருக்கின்றேன்: "நாடக உடை. சோழர் காலத்ததன்று."