ஊத்தினா மட்டும் போதாது

போன மாசம் ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ, பொம்மையார்பாளையம் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. முன் பிரேக் லிவரை அமுக்கினேன், ஹேண்டில்பார் வரைக்கும் போயிடுச்சு. பின் பிரேக்தான் காப்பாத்துச்சு.

லிவருக்கு அடியில ஈரம். ஃப்ளூயிட் குறையுதுன்னு ஏற்கெனவே ரெண்டு தடவை ஊத்தியிருந்தேன். எங்கே போகுதுன்னு பார்க்கல. "இன்னும் கொஞ்சம் ஊத்திக் குடுங்கண்ணே, போயிடறேன்"னேன். "ஊத்தினா ஒழுகத்தான் செய்யும் தம்பி"ன்னு சொல்லிட்டு, மெக்கானிக் அண்ணன் மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டினார்.

உள்ளே பிஸ்டன்ல இருக்கிற ரப்பர் தேய்ஞ்சிருந்தா கிட் மாத்தினா போதும். சிலிண்டர் சுவரே அரிச்சிருந்தா புது ரப்பரும் நிக்காது; முழு செட்டையும் மாத்தணும். என்னோடது அரிச்சிருந்தது. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நான் மூணு வருஷமா அதை மாத்தவே இல்லை. புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். தண்ணி சேர்ந்தா அது 155 வரைக்கும் இறங்கலாம்.

இன்னைக்கே வண்டியை நிறுத்தி வெச்சு, லிவரை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெதுவா உள்ளே இறங்கினா, வண்டியை ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.