கூரைநீரும் திருக்குளமும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



குடமுழுக்கு என்னும் சொல்லில் குடமும் இருக்கிறது, முழுக்கும் இருக்கிறது. வேள்விச்சாலையில் எத்தனை குண்டங்கள் அமைந்தாலும், எத்தனை ஓதுவார்கள் திருமுறை ஓதினாலும், முடிவில் சிவாசாரியார் விமானத்தின்மீது ஏறி நின்று கலசத்தின் தலையில் சொரிவது நீரே ஆகும். கீழே கூடி நிற்போர், தம் தலையில் ஒரு துளி விழாதா என்று முகத்தை உயர்த்திக் காத்து நிற்பர். அந்நீர் தூபியினின்று வழிந்து, தளந்தோறும் இறங்கித் தூம்பின் வழியே கல்தரையில் விழுகிறது. அதன்பின் அது எங்கே செல்கிறது என்று கேட்பவர் சிலரே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாந்தர் செய்யும் முழுக்கு இது. அதே விமானத்தின்மேல், அழைப்பிதழும் பந்தலும் இன்றி, ஆண்டுதோறும் வானம் செய்யும் முழுக்கு ஒன்று உண்டு. அந்த நீர் எங்கே செல்கிறது என்று கேட்பவர் அவரினும் சிலர்.

கோயில் எடுத்த பழையோர் இதனைக் கேட்டிருந்தனர். பிராகாரத்தில் விழுந்த மழை திருக்குளத்தை அடையுமாறு கற்கால்வாய் வகுத்த கோயில்கள் தமிழகத்தில் பல. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் போற்றுவோர் மிகுதி. அக்கல்வெட்டுகளில், பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 920ஆம் ஆண்டை ஒட்டி, அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற வாரியங்களுள் ஒன்று ஏரிவாரியம் என்பதை நினைவிற் கொள்வோர் குறைவு. ஏரியைக் காப்பதற்கென்றே ஆள் தேர்ந்தெடுத்த ஊர் அது. மயிலையிற் பிறந்தவர் என்று வழிவழிக் கூறப்பெறும் திருவள்ளுவரும், கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தை மழைக்கே அளித்தார். துறந்தாரும் அறமும் அதற்குப் பின்னர்த்தாம்.

மயிலைக்கு நீரோடு உள்ள உறவு தனித்தன்மை வாய்ந்தது. திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்தில் இவ்வூர் விழாக்களை அடுக்கிச் சொல்லுங்கால் மாசிக் கடலாட்டையும் சொல்கிறார். இன்று நாம் குடமுழுக்கு என்னும் பெருஞ்சாந்தியையும் சொல்கிறார். கடல் அத்துணை அருகில் உள்ள ஊர் இது. கிழக்கே கடல், வடக்கே கூவம், தெற்கே அடையாறு. மேற்குப் புறம் ஒன்றே நிலத்தோடு ஒட்டியிருந்தது. 1877–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது, பசித்தவர்க்குக் கூலி கொடுக்க வேண்டிக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டினர். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு அமைந்தது. அன்று முதல் திருவல்லிக்கேணிக் கரையினின்று சாந்தோம் வரை உள்ள நிலத்துண்டு, நாற்புறமும் நீர் சூழ்ந்த ஒரு தீவாகவே ஆகிவிட்டது. பாலங்களின்மேல் செல்வோர்க்கு இது புலப்படுவதில்லை. கிணற்றுக்குப் புலப்படும்.

எவ்வாறு என்பதைச் சிறிது விரித்துக் காணல் தகும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமுடையது. ஆதலின், கடற்கரை மணலிலும் தீவுகளிலும் மழையால் ஊறிய நன்னீர், அடியில் நிற்கும் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் ஒருவரும், 1901ஆம் ஆண்டில் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. நம் கோயில்களில் கண்ணாடிக் கிண்ண விளக்கு ஏற்றுவோர் இதனைக் கணக்கின்றியே அறிவர். அடியில் நீர் வார்த்து, மேலே எண்ணெய் விட்டுத் திரி இடுகிறார்கள். எண்ணெய் உள்ளவரை சுடர் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் தீர்ந்து திரி நீரைத் தொட்டதும் சுர்ரென்று அணைந்துபோகும். மயிலைக் கிணறுகளில் மழைநீரே எண்ணெய். அடியில் காத்திருப்பது வங்கக்கடல்.

இராமேசுவரம் சென்று வந்தோர் திருக்கோயிலினுள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராடியிருப்பர். அக்கினி தீர்த்தமாகிய கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, உள்ளே கிணறுகளில் நன்னீர் இருப்பதை வியவாதவர் இல்லை. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியிலும், இருபுறமும் கடல் இரைய, மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் முகந்து குடிக்கும் வழக்கம் மீனவரிடையே உண்டு. பாத்திரத்தை மெல்லச் சாய்த்து முகப்பார்களேயன்றி ஆழத் தோண்டமாட்டார்கள். ஆழத் தோண்டினால் உப்பு வரும் என்பது அவர்தம் அனுபவம்.

ஈழத்து யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி நிற்பதே அந்நாட்டின் நீர்நிலை. துலாமிதித்து இறைத்த காலத்தில் கிணறு தாங்கிற்று. எந்திரம் வைத்து இறைக்கத் தொடங்கிய பின்னர்க் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. மாலத்தீவின் தலைநகரான மாலேயில் நிலத்தடி நன்னீர் ஏறத்தாழ முற்றும் தீர்ந்து, கடல்நீரைக் காய்ச்சி வடித்தாற்போல் எந்திரத்தால் மாற்றிக் குடிக்கும் நிலை ஏற்பட்டது. 2014 டிசம்பரில் அவ்வெந்திர நிலையம் தீப்பற்றியபோது, ஒரு நகரமே குடிநீரின்றித் திகைத்து, இந்தியா வானூர்தியிலும் கப்பலிலும் நீர் அனுப்ப வேண்டியதாயிற்று. மாறாக, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடா என்னும் சிறுதீவில், ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் வெண்சுண்ணம் பூசிப் படிபடியாக அமைத்து, விழும் மழையை வீட்டடித் தொட்டியில் சேர்ப்பது சட்டமாகவே இருந்து வருகிறது. அங்கே கூரை என்பது வெயிலை மறைப்பது மட்டும் அன்று. அது வீட்டாரின் ஏரி.

மயிலைக்கு மேற்கே செல்வோம். இன்று பட்டும் பொன்னும் விற்கும் தியாகராய நகர், நூறாண்டுகட்கு முன்னர் ஏரி. நுங்கம்பாக்கத்தினின்று சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தமையின் ஆங்கிலேயர் அதனை நீண்ட ஏரி என்ற பொருளில் லாங் டாங்க் என்றனர். 1920களில் அதனைத் தூர்த்து மாம்பலம் குடியிருப்பை வகுத்தனர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரும், பனகல் அரசரின் பெயரும் தெருவுக்கும் பூங்காவுக்கும் வந்தன. ஏரியின் பெயர் மட்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மேற்கு மாம்பலத்தில் ஏரி தெரியும் சாலை என்ற பொருளில் லேக் வியூ ரோடு இன்றும் உள்ளது. அங்கு நின்று நோக்குவோர்க்குத் தெரிவது, கோடையில், லாரித் தண்ணீருக்குக் குடங்களின் வரிசை. ஏரியின் வயிற்றில் வீடு கட்டியவர்கள், மழைக்காலத்தில் முழங்கால் நீரையும் கோடையில் வறண்ட குழாயையும் மாறி மாறிக் காண்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இவ்விரண்டும் சென்னைக்கு மூன்றரை ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளின் முதல் தளத்தைத் தொட்டது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. சூலையில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு இரயில் வந்தது. அதனை மாலையிட்டு வரவேற்றனர். வானிலிருந்து வந்ததை 2015இல் கடலுக்கு அனுப்பிய ஊர், இருப்புப்பாதையில் வந்ததற்கு மாலையிட்டது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2002ஆம் ஆண்டில் மந்தைவெளிப் பக்கத்தில், வீட்டார்க்கு மழைநீர்ச் சேமிப்பைச் செய்து காட்டுவதற்கென்றே ஒரு மழை மையம் திறக்கப்பெற்றது. பெசன்ட் நகரில் வீடுவீடாகச் சென்று இதனை எடுத்துரைத்துவந்த இயற்பியல் அறிஞர் சேகர் இராகவன் அதனை நடத்தி வந்தார். 2003இல் தமிழ்நாட்டு அரசு அவசரச் சட்டத்தினால் எல்லாக் கட்டிடங்களுக்கும் கூரைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிற்று. இந்தியாவில் வேறு எம்மாநிலமும் அதுவரை துணியாத செயல் அது. அடுத்து வந்த நல்மழை ஆண்டுகளில் பல தெருக்களில் கிணறு உயிர்பெற்றது உண்மை. ஆனால், சட்டத்துக்கு அஞ்சிச் செய்தவர் பலர், நீருக்காகச் செய்தவர் சிலர். இரண்டடிக் குழி ஒன்று தோண்டி, அதில் ஜல்லி கொட்டி, குழாயை நுழைத்து, அதிகாரி பார்த்துச் சென்றதும் மறந்தவர் உண்டு. கூரைக் குழாயைச் சாக்கடையில் இணைத்துவிட்டவரும் உண்டு. மழைநாளில் சாக்கடை பொங்கித் தெருவில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கணக்கு ஒன்று காண்போம். சென்னையில் சராசரியாக ஆண்டொன்றுக்கு 1,300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். அரை கிரவுண்டு மனையில் 1,200 சதுர அடி மொட்டைமாடி உள்ள வீடு என்று கொண்டால், அது 111 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,44,000 லிட்டர் அதன்மேல் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வெயிலுக்கும் கழிவுக்கும் போனாலும் 1,15,000 லிட்டர் எஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் இது ஒன்பது லாரிக்கும் மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில் ஐவர் உள்ள குடும்பத்துக்கு ஐந்தரைத் திங்களுக்குப் போதும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்துவிட்டால், 10,000 லிட்டர்ச் சம்ப்பு அன்றே நிரம்பி வழியும். வழிவதைக் கிணற்றில் விடவேண்டும்.

செய்முறை கடினமானதன்று. மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை ஒன்றாகக் கூட்டி, இலை தடுக்கும் சல்லடை ஒன்றையும், கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிதொட்டி ஒன்றையும் கடந்து, வீட்டுக் கிணற்றிலேயே விடலாம். கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கி மூடியவர் முதலில் அதனைத் திறந்து தூரெடுக்க வேண்டும். கிணறே இல்லாத வீட்டில், மூன்றடி அகலத்தில் 12 முதல் 15 அடி ஆழத்துக்குச் சிமெண்டு உறை இறக்கிய கிணறு ஒன்று போதும். மயிலை, சாந்தோம், பெசன்ட் நகர் மணற்பாங்கில் நீர் உடனே உறிஞ்சப்பெறும். தியாகராய நகரில், ஏரி கிடந்த இடமாதலின், களிமண் அடுக்கு உண்டு. அதனைக் கடந்து மணலைத் தொடும்வரை இறக்கவேண்டும். இதனை அறியாது களிமண்ணிலேயே நிறுத்திவிட்டு, மழைநீர்ச் சேமிப்பினால் பயனில்லை என்று பேசுவது முறையன்று. வாயிற்கதவின் அடியில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, ஓட்டைகள் உள்ள பலகைக்கல் மூடி, அதன் நீரையும் உறைகிணற்றுக்குத் திருப்பினால் தெருவுக்கு ஓடுவது நின்றுவிடும். அடுக்குமாடி வீடுகளில் இச்செலவு பன்னிருவர்க்கும் பதினைவர்க்கும் பங்காகையால் ஒரு கோடையின் லாரிப் பணத்தை எட்டுவதும் அரிது. ஆயினும் அங்கேதான் இது நடவாமல் நிற்கிறது. பங்கு பலர்க்கு ஆனால் பொறுப்பு ஒருவர்க்கும் ஆவதில்லை.

கோயிலுக்கு வருவோம். மயிலைத் திருக்குளத்துக்கு நிலம் அளித்தவர் ஆர்க்காட்டு நவாபு என்பது ஊரார் வழங்கும் செய்தி. அக்குளத்தின் அடித்தரை தெரிந்த கோடைகளும் உண்டு. தெப்பம் விட நீர் இறைத்துவிட்ட ஆண்டுகளும் உண்டு. குளத்தில் நீர் நின்றால் நான்கு மாடவீதிக் கிணறுகளிலும் நீர் நிற்கும். குளம் காய்ந்தால் அவையும் இறங்கும். தெப்பம் ஓடுவது மேலே காணும் விழா. கீழே கிணறுகளுக்குள் நிகழ்வது காணாத விழா.

உபயதாரர்கள் மனம் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, அதன்மேல் தம் பெயரையும் பாட்டனார் பெயரையும் எழுதி, வரும் ஒளியில் பாதியை மறைப்பவரைக் கோயில்தோறும் காண்கிறோம். மழைநீர்க் கால்வாயில் அடைந்த மண்ணை எடுக்கும் திருப்பணிக்குப் பெயர் எழுத இடம் இல்லை. அதனாலேயே அதற்கு உபயதாரர் கிடைப்பதும் இல்லை. ஆனால், பிராகாரத்துத் தூம்புகளைக் குளத்தோடு இணைக்கும் பணிக்கு ஆகும் செலவு, ஒரு கோபுரத்துச் சுதைக்கு வண்ணம் தீட்டும் செலவினும் மிகாது. ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். அபிடேகப் பாலும் எண்ணெயும் கலந்த நீரை இக்கால்வாயில் விடலாகாது. அதனைத் தனியே நந்தவனத்து வாழைக்குப் பாய்ச்ச வேண்டும். வீட்டிலும் குளியலறை நீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு வடியச் செய்தவர்கள் அடையாறு பக்கத்தில் உளர்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசித் தொடக்கத்தில் வருகிறது. புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கிக் கழுவி, காய்ந்த மாவிலையும் காக்கைக் கூட்டின் குச்சிகளும் குழாய்வாயில் அடைத்திருந்தால் நீக்கி, வடிதொட்டி மணலை எடுத்து அலசிக் காயவைத்து மீளவும் இடவேண்டும். முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருமாதலால், அதனைப் புறக்குழாயின் அடைப்பைத் திறந்து வெளியே விடுக. கால்மணி நேரம் கழித்து, நீர் தெளிந்ததும், அடைப்பை மூடிக் கிணற்றுப் பக்கம் திருப்புக.