வாயைத் திறந்து பார்க்க ஆள் அனுப்புங்கள்



"உங்கள் ஆள்கள் வெற்றிலை போடுகிறார்கள், வாய்ப்புற்று வருகிறது, நாங்கள் என்ன செய்வது?" என்று பினாங்குத் தமிழர்களிடம் கை விரிப்பவர்களுக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

காரணத்தை நான் மறைக்கவில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றைத் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985லேயே சொல்லிவிட்டது. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்கிற அம்மாமார்களே, கேளுங்கள்: பாக்கு மட்டுமே போதும், அதுவே புற்றைத் தரும் என்று 2004ல் அதே முகமை அறிவித்தது.

ஆனால் அந்தப் பழக்கம் யாரை, எங்கே பிடித்தது? இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவளை. பசிக்கும் பல்வலிக்கும் சீவலை அடக்கிக்கொண்டவளை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரைத் தாண்டி ஒரு மருத்துவர் முகம் பாராதவளை. மலேசியாவில் இந்தியர்களாகிய நாம் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் புரட்டுங்கள்: பெண்களுக்கு வரும் வாய்ப்புற்றில் மலாய்க்காரரையும் சீனரையும் விட இந்தியப் பெண்களின் விகிதமே மேலே நிற்கிறது. அவளையே குற்றவாளி ஆக்குவது அநியாயம்!

வாய் என்ன, குடலைப்போல உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பா? டார்ச் விளக்கு ஒன்று போதும், தெரிந்துவிடும். திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996ல் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். டாக்டர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள். அவற்றில் ஏழு ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005ல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு, பரிசோதிக்காத ஊராட்சிகளைவிட 34 விழுக்காடு குறைந்திருந்தது. நம்மைப் போன்ற உழைக்கும் மக்களிடம் செய்து காட்டிய வேலை இது. இங்கே ஏன் முடியாது?

நம் சுகாதார அமைச்சும் 1997ல் தோட்டங்களைத் தேடி வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது; அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நிபோங் திபாலிலும் பிறையிலும் நம் பாட்டிமார் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். திட்டமும் அந்தப் படியேறி வர வேண்டும்! தமிழ் பேசும் தாதியோடு வர வேண்டும்! அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் உண்டு என்பது பெருமைதான். ஆனால் வலிக்காத புண்ணுக்கு எந்தப் பாட்டி பஸ் பிடித்து கிளினிக் போவாள்? வலி வந்தபின் போகும்போது தாடையை அறுக்க வேண்டியிருக்கிறதே!

2009 முதல் சிகரெட் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கும் அரசே, பாக்குப் பொட்டலத்திலும் தமிழில் எச்சரிக்கை அச்சிடச் சொல்!

பிள்ளைகளே, இன்றிரவு உங்கள் பாட்டியின் வாயைப் பாருங்கள். வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல், வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளையே பல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். ஆலயக் குழுவினரே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியெல்லாம் பந்தல் போடுகிறீர்கள். வரும் பூசத்தில் ஒரு பந்தலைப் பல் மருத்துவருக்கு ஒதுக்குங்கள். அரசுப் பல் கிளினிக்குக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். கையெழுத்துப் போட நாங்கள் இருக்கிறோம்!