பேதிக்கு ஓஆர்எஸ்: எழுதுவது மருத்துவர் கடமை, கேட்பது நம் கடமை
(கோட்டுச்சேரி குடும்ப நலக் கூட்டத்தில் நம் மருத்துவ நலக் குழு ஆற்றிய உரை)





2022 ஜூலை மாதத்தை நம் மாவட்டம் எளிதில் மறக்காது. வாந்தியும் பேதியும் பரவி, சிலருக்குக் காலரா என்று உறுதியாகி, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். பேதியில் உயிரைக் காக்கும் மருந்து 50 ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அது நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறதா? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா தாக்கியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நோயாளியின் உறவினர்களே ஊட்டினார்கள். 100-க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், சாவு 4-க்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸ் சேரும்போது உப்பும் நீரும் கூடவே உடம்பில் ஏறுகின்றன. அதுதான் ஓஆர்எஸ். 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அதனுடன் ஜிங்க் மாத்திரையும் தரச் சொன்னார்கள்.

இது மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் சீட்டில் ஆன்டிபயாடிக் மட்டும் வருகிறது?

கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் போய், "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி" என்றார்கள். ஓஆர்எஸ் எழுதாமல் விட்டதற்குப் பெரிய காரணம், "வந்தவர் அதை விரும்பமாட்டார்" என்ற நினைப்பு. குறையில் 42 சதவீதம் இதனால் மட்டும். கையிருப்பு இல்லாதது 6 சதவீதமே. வந்தவர் ஓஆர்எஸ் விரும்புவதாகக் காட்டியபோது, எழுதியவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கானார்கள்.

ஆகவே மருத்துவர், செவிலியர், மருந்துக்கடைக்காரர் ஆகியோருக்கான பயிற்சி வெறும் வகுப்போடு நிற்கக் கூடாது. நோயாளி போல ஒருவரை உட்கார வைத்துப் பேசிப் பழக வேண்டும். தாம் எழுதிய சீட்டுகளைத் தாமே மாதாமாதம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் இப்படி ஒரு பயிற்சிக்கு உதவ நம் அறக்கட்டளையைக் கேட்டுக்கொள்கிறோம். மறுபாதி நம்மிடம் இருக்கிறது. "ஊசி போடுங்க, சீக்கிரம் நிக்கட்டும்" என்று நாமே கேட்டால், படித்ததை அவர் எப்படிச் செய்வார்?

தாய்மார்களே, இவற்றை மனதில் வையுங்கள்:

• ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக, ஆறவைத்த ஒரு லிட்டர் கொதிநீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள்.

• ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

• ஜிங்க் 14 நாள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பேதி நின்றாலும் நிறுத்தாதீர்கள்.

• தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது.

• மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மரியாதையோடு இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், புள்ளைக்கு ஓஆர்எஸும் ஜிங்கும் எழுதித் தாங்க. ஆன்டிபயாடிக் அவசியமா?" இந்த ஒரு கேள்வி அவருடைய பயிற்சிக்கும் துணை நிற்கும், இன்ஷா அல்லாஹ்.