மெயில் வரலேன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமா?

கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பெனிகள்ல ஐடி வேலை பார்க்கிறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயம்தான் இன்னைக்கு. நைட் ஷிஃப்ட் ஓடுற இடத்துல சர்வரும் தூங்குறதில்ல. ஸ்டாக் ரிப்போர்ட், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் கிரான் வழியா தானா ஓடும். காலையில இன்பாக்ஸைத் திறந்தா கிரான் அனுப்பின மெயில் வரிசையா நிக்கும். நாம ஒரு ஃபில்டர் போட்டு தனி ஃபோல்டருக்குத் தள்ளிடுறோம். அப்புறம் அந்தப் பக்கமே போறதில்ல.

வழக்கமான கிரான் செய்யிறது ரொம்ப எளிமை. ஓடுற புரோகிராம் ஏதாவது எழுதினா, அதை மெயிலா அனுப்பும். எதுவும் எழுதலேன்னா மெயில் கிடையாது. வேலை ஜெயிச்சுதா, தோத்துதான்னு அது பார்க்காது. ‘பேக்கப் முடிந்தது’ன்னாலும் மெயில்தான், ‘டிஸ்க் நிறைஞ்சுடுச்சு’ன்னாலும் மெயில்தான். அதனால உருப்படியான மெயில் கூட்டத்துல தொலைஞ்சுபோகுது.

இதோட விலை என்னன்னு கிட்லேப் கதையில பார்க்கலாம். 2017 ஜனவரி 31. ராத்திரி வரைக்கும் ஒரு பிரச்சினையைச் சரிபண்ணிட்டு இருந்த இன்ஜினியர், தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமேன்னு போய்ப் பார்த்தா அந்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுக்கிற டூல் 9.2 வெர்ஷன். அதனால பேக்கப் எரர் அடிச்சு நின்னுட்டு இருந்திருக்கு. கிரான் மெயிலும் அனுப்பியிருக்கு. ஆனா அந்த மெயில்களுக்கு டிமார்க் செட் பண்ணாததால, வாங்குற பக்கம் எல்லாத்தையும் நிராகரிச்சிருக்கு. யாருக்கும் ஒண்ணும் தெரியல.

ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் வேற வேலைக்காகக் கையால எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அப்படியும் அந்த ஆறு மணி நேர டேட்டா போச்சு: சுமார் 5,000 புராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புது யூசர்கள். நடந்ததை அவங்க ஒளிக்காம எழுதினதாலதான் நமக்கு இதெல்லாம் தெரியுது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதல்ல, ஸ்கிரிப்ட் நல்லா ஓடினா அமைதியா இருக்கணும். வழக்கமான அவுட்புட்டை லாக் ஃபைல்ல போடுங்க, எரரை மட்டும் வெளிய விடுங்க. மோர்யுட்டில்ஸ் பேக்கேஜ்ல ‘குரோனிக்’னு ஒரு கமாண்ட் இருக்கு, வேலை ஃபெயில் ஆனாதான் அவுட்புட்டைக் காட்டும். தொல்லை தாங்காம எல்லாத்தையும் ‘டெவ் நல்’லுக்கு அனுப்பினா எரரும் சேர்ந்து காணாமப் போயிடும்.

ரெண்டாவது, ‘மெயில்டூ’ வரியில டீம் முழுக்கப் பார்க்கிற முகவரியைக் கொடுங்க. இல்லேன்னா மெயில் சர்வருக்குள்ள இருக்கிற லோக்கல் மெயில்பாக்ஸ்லயே குவிஞ்சு கிடக்கலாம். வேணும்னே ஒரு ஜாபை ஃபெயில் ஆக்கி, மெயில் உங்க போனுக்கு வருதான்னு பாருங்க.

மூணாவதுதான் முக்கியம். ராத்திரி கரண்ட் போய் சர்வரே படுத்துட்டா கிரானும் ஓடாது, மெயிலும் வராது. அதனால கணக்கைத் திருப்பிப் போடுங்க. வேலை முடிஞ்சதும் ஸ்கிரிப்ட் வேற ஒரு இடத்துக்கு ‘முடிச்சுட்டேன்’னு சிக்னல் அனுப்பணும். குறிச்ச நேரத்துக்குள்ள சிக்னல் வரலேன்னா அந்த இடம் அலாரம் அடிக்கணும். ஹெல்த்செக்ஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ் டூல் இதுக்குன்னே இருக்கு.

கடைசியா, மாசம் ஒரு தடவை பேக்கப்பை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. இந்த வாரம் அந்த கிரான் ஃபோல்டரையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.